பார்த்தேன், தேர்ச்சி

வெள்ளிக்கிழமை நான்கு மணி ஆனால் மைதானத்து முதலுதவி அறை வாசலில் மாணவர்கள் வரிசை கட்டி நிற்பார்கள். ஆளுக்கொரு திறன் ஏடு கையில். அடிபட்டு விழும் வீரனிடம் முதலில் ஓடிப்போய் நிற்கிற அத்லெட்டிக் டிரெய்னர் ஆவதற்கான இரண்டு வருஷ முதுகலைப் படிப்பு அது. வகுப்பில் வாங்கும் மதிப்பெண்ணைவிட அந்த ஏடுதான் பெரிது. கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, தலையில் அடிபட்டவனைச் சோதிப்பது, கழுத்து அசையாமல் பலகையில் ஏற்றுவது என்று எண்பத்திரண்டு திறன்கள். ஒவ்வொன்றையும் மாணவர் செய்ய, மேற்பார்வையாளர் பக்கத்தில் நின்று கவனித்து, ‘பார்த்தேன், தேர்ச்சி’ என்று எழுதித் தேதி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அதன் கீழே மாணவரும் கையெழுத்திட வேண்டும். எண்பத்திரண்டும் நிரம்பினால்தான் பட்டம்.

அந்த மைதானத்து மேற்பார்வையாளருக்குப் பார்க்கிற பழக்கம் கிடையாது. எழுதுகிற பழக்கம் மட்டும் உண்டு. மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஐஸ். எந்த வீரன் எந்த வலியோடு வந்தாலும் “ஐஸ் வை” என்பார். மைதானத்தை நடத்தும் கிளப்பின் நிர்வாகிகள் வந்தால் அவர்களுக்கும் வைப்பார்.

“என்ன பாப்பா, இந்த வாரம் எத்தனை?”

“ஒம்போது சார்,” என்றாள் சின்னவள். வீட்டில் அவளுக்கு அதுதான் பெயர்.

ஐஸ் ஏட்டைப் புரட்டி மளமளவென்று போட்டுக்கொண்டே போனார். அறுபத்தோராவது திறனில் பேனா நின்றது. வெப்பத் தாக்குக்கு ஆளானவரின் உட்சூட்டை ஆசனவாய் வழியாக அளந்து, பனிநீர்த் தொட்டியில் இறக்குதல்.

“இத எப்பப் பண்ணின?”

“நீங்களே சொல்லுங்க சார்.”

அவர் சிரித்தார். “கெட்டிக்காரிதான். போன செவ்வாய்னு போட்டுக்கறேன்.”

போன செவ்வாய்க்கிழமை ஐஸ் இந்த ஊரிலேயே இல்லை. அணியோடு போய் முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் வேறொரு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.  சின்னவள் அவர் கையெழுத்தின் கீழே தன் கையெழுத்தைப் போட்டாள். இந்த ஒரு வரிக்காகத்தான் அவள் ஒன்றரை வருஷம் இந்த வரிசையில் நின்றிருந்தாள்.

பத்து வருஷத்துக்கு முன்னால் இதே வரிசையில் நின்றவன் அவளுடைய அண்ணன். அண்ணனும் ஐஸோடு இருந்த நெடுந்தூர ஓட்டப் பயிற்சி ஒன்றில் பத்தொன்பது வயது வீரன் தடுமாறி விழுந்தான். ஐஸ் அவன் நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டினார். முப்பத்தெட்டு காட்டியது. வியர்வை காற்றில் ஆறும்போது நெற்றி பொய் சொல்லும். உள்ளே கொதிக்கிறவனுக்கும் மேல்தோல் சாதாரணச் சூட்டைக் காட்டும். இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டியவர் ஐஸ். “வெறும் அசதிதான், தண்ணி குடு, நிழல்ல போடு” என்றார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் பையனுக்கு வலிப்பு கண்டது. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தான்.

விசாரணையில் ஐஸ் அண்ணனின் ஏட்டைத் திறந்து காட்டினார். அறுபத்தொன்று: பார்த்தேன், தேர்ச்சி. “நான் முறையாச் சொல்லிக் குடுத்திருக்கேன், கையெழுத்து இருக்கு. சொன்னதைக் கேக்காம இவன்தான் நெத்தியில வெச்சான்.” அண்ணன் கத்திப் பார்த்தான். “கீழ இருக்கறது உன் கையெழுத்துதானே தம்பி?” என்று கேட்டார்கள். அவனுடையதுதான். படிப்பிலிருந்து நீக்கினார்கள்.

அதோடு முடிந்திருந்தால் அந்தக் குடும்பம் தாங்கியிருக்கும். இறந்த பையனின் அம்மா ஒருநாள் காலையில் வீட்டு வாசலில் வந்து நின்றார். அழவில்லை, சபிக்கவில்லை. “உங்க பையன்தானே?” என்று மட்டும் கேட்டார். முப்பத்திரண்டு வருஷம் பேருந்து ஓட்டி ஒரு கீறலும் விழாமல் ஓய்வு பெற்ற அப்பா, எவர் முன்னாலும் குனிந்திராதவர், அந்த அம்மாவின் முன்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். பன்னிரண்டு வயது சின்னவள் கதவிடுக்கில் நின்று அதைப் பார்த்தாள். அந்தக் கழுத்து அப்படி வளைந்ததை அவளால் மறக்க முடியவில்லை. மறக்க முயலவும் இல்லை.

பட்டப்படிப்பு முடிந்ததும் அப்பாவிடம் போய், “அதே காலேஜ்ல சேரப்போறேன். அதே ஆள்கிட்டயே பயிற்சி கேக்கப்போறேன்” என்றாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா நாளிதழை மடித்து வைத்துவிட்டு, “போ. திரும்பி வரும்போது நம்ம பேரோட வா” என்றார்.

சேர்ந்த பிறகு அவளைச் சுட்டது வேறொன்று. ஐஸுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. அப்பா பெயரைப் படித்தார், வீட்டு முகவரியைப் படித்தார், அடுத்த தாளுக்குப் போய்விட்டார். ஒரு குடும்பத்தைக் குழிதோண்டிப் புதைத்தவனுக்கு அந்தக் குழி எங்கே என்றுகூட ஞாபகமில்லை.

அண்ணன் இப்போது சலவை இயந்திரங்கள் பழுது பார்க்கிறான். அவன் சொன்ன யோசனை ஒன்றுதான்: “பட்டம் கைக்கு வரட்டும்டி. அப்புறம் அவன் தோலை உரி. இப்பவே வாயத் திறந்தா உன் ஏடும் பொய்னு ஆயிடும்.” நியாயமான பேச்சு. அவளும் அப்படித்தான் முடிவு செய்திருந்தாள். இன்னும் பதினோரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிட்டால் போதும்.

ஆனால் ஐந்தாவது வாரம் கால்பந்து அணியின் பகல் பயிற்சியில் நடுக்கள ஆட்டக்காரன் ஒருவன் திசை தெரியாமல் ஓடினான். கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு பயிற்சியாளரைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். பிறகு முழங்கால் மடங்கி விழுந்தான்.

ஐஸ் நிதானமாக நடந்து வந்து நெற்றிக்கு நேரே வெப்பமானியை நீட்டினார். “முப்பத்தேழு புள்ளி எட்டு. அசதிதான். நிழலுக்குத் தூக்குங்க.”

“சார், அவருக்கு நான் யாருன்னே தெரியல. பேச்சு குழறுது. உட்சூடு பாக்கணும்.”

“எல்லார் முன்னாடியும் டவுசரைக் கழட்டப்போறியா? போய் ஐஸ் பை எடுத்துட்டு வா.”

சின்னவள் அவரைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு மண்டியிட்டாள். “நாலு பேரு துண்டைப் புடிச்சு மறைங்க! நீ தொட்டில ஐஸக் கொட்டு, தண்ணியத் தொற!” குரல் அவள் அப்பாவுடையதைப் போலவே இருந்தது. வீரனைப் பக்கவாட்டில் புரட்டி, உட்சூடு அளக்கும் வெப்பமானியின் மெல்லிய கம்பியில் களிம்பு தடவி, பதினைந்து சென்டிமீட்டர் உள்ளே செலுத்தினாள். ஆய்வுக்கூடத்துப் பொம்மையில் தனியாக இருந்து எத்தனையோ முறை செய்த வேலை. எண் ஏறிக்கொண்டே போய் நின்றது. நாற்பத்தொன்று புள்ளி ஏழு.

தொட்டியில் கழுத்துவரை இறக்கினார்கள். அக்குளுக்குள் துண்டு கொடுத்து ஒருவன் தாங்கிப் பிடிக்க, அவள் நீரைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து தூக்கப் பார்த்தார்கள். “மொதல்ல குளிரணும், அப்புறந்தான் வண்டி” என்று தடுத்தாள். பத்தொன்பதாவது நிமிஷம் முப்பத்தொன்பதுக்குக் கீழே வந்தது. அவன் கண்ணைத் திறந்து, “யாருய்யா என்னை இவ்ளோ குளுர்ல போட்டது?” என்றான். சுற்றி நின்ற பதினெட்டு பேரும் சிரித்தார்கள். சின்னவள் சிரிக்கவில்லை. தொட்டிக்கு அந்தப் பக்கம் நெற்றி வெப்பமானியோடு நின்றவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உயிருக்கு ஆபத்தாக எது நடந்தாலும் மூன்று நாளுக்குள் படிப்புத் துறை கூடி ஆய்வு செய்து அரசாங்கத்துக்குப் பதிவு எழுத வேண்டும் என்பது விதி. நீளமான மேசை. துறைத் தலைவர் அம்மையார், மருத்துவர் ஒருவர், கிளப் செயலாளர், ஐஸ், சின்னவள். அண்ணன் வண்டியில் கூட்டி வந்து, உள்ளே விடமாட்டார்கள் என்பதால் வாசலில் உட்கார்ந்திருந்தான்.

செயலாளர் கை கூப்பாத குறையாக நன்றி சொன்னார். ஐஸ் தொண்டையைச் செருமினார்.

“பாப்பாவுக்கு நான் சொல்லிக் குடுத்தது வீண் போகல. இதோ பாருங்க, அறுபத்தோராவது திறன். ஒன்றரை மாசம் முன்னாடி நானே பக்கத்துல நின்னு செய்ய வெச்சேன். கையெழுத்து இருக்கு.”

துறைத் தலைவர் பேனாவைத் திறந்தார். “அப்ப பதிவுல அப்படியே எழுதிடலாமா? மேற்பார்வையாளரின் பயிற்சியால் உயிர் காக்கப்பட்டது.”

சின்னவள் அந்தப் பேனாவைப் பார்த்தாள். அண்ணனின் கழுத்தில் கயிறாக விழுந்த அதே வரி, இப்போது இந்த ஆளின் கழுத்தில் மாலையாக விழப்போகிறது. அதுவும் அரசாங்கம் படிக்கிற பதிவில். ஆறு வாரம் கழித்துப் பட்டத்தோடு வந்து கத்தினால், ‘அன்னிக்கு ஏம்மா சும்மா இருந்த?’ என்று கேட்பார்கள். அவள் எழுந்து நின்றாள்.

“எழுதாதீங்க மேடம். அந்தக் கையெழுத்து பொய்.”

“பாப்பா!” என்றார் ஐஸ்.

“அந்தச் செவ்வாய்க்கிழமை சார் இந்த ஊர்ல இல்ல. அணியோட வெளியூர்ல இருந்தார். பயணப் பதிவு கிளப்புலயே இருக்கு. எனக்கு அவர் எதுவும் சொல்லிக் குடுக்கல. யாருக்கும் குடுத்ததில்ல.”

செயலாளர் மடிக்கணினியைத் திறந்து தேடினார். முகம் சுருங்கியது. “ஆமா. சார் பேரு இருக்கு.”

துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். “கீழ உன் கையெழுத்தும் இருக்கு. அது பொய்யின்னா மத்த எண்பத்தொண்ணும் சந்தேகம்தான். உன் ஏடு செல்லாது. ஆறு மாசப் பயிற்சிய மறுபடி செய்யணும். புரியுதா?”

“புரியுது. என் கையெழுத்தும் பொய்தான். எழுதிக்குங்க.” அவள் நிறுத்தவில்லை. “உங்க அலமாரில பத்து வருஷம் முந்தின ஏடு ஒண்ணு இருக்கும். அதுலயும் அறுபத்தொண்ணைப் பாருங்க. அந்தத் தேதிக்கும் சார் எங்க இருந்தார்னு பாருங்க. அது எங்க அண்ணன் ஏடு.”

ஐஸ் முதல் முறையாக அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். மூக்கிலும் நெற்றியிலும் எதையோ தேடுவதுபோல் பார்த்தார். கிடைத்துவிட்டது. நிறம் இறங்கியது.

“மேடம், இது குடும்பப் பழி. படிச்சவங்க பேச்சு இல்ல.”

“ஆமா சார், பழிதான்,” என்றாள் சின்னவள். “நான் இல்லேன்னு சொல்லலையே.”

மருத்துவர் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து போய்ப் பக்கத்து அறையிலிருந்து பயிற்சிப் பொம்மையைத் தூக்கி வந்து மேசைமேல் கிடத்தினார். வெப்பமானியை அதன் பக்கத்தில் வைத்தார். “பழி இருக்கட்டும். நீங்க செஞ்சு காட்டுங்க சார். பத்து வருஷமாத் தேர்ச்சி குடுத்துட்டு வர்றீங்களே.”

ஐஸ் கம்பியைக் கையில் எடுத்தார். பொம்மையைப் புரட்ட மறந்தார். களிம்பைத் தேடினார், கண்ணெதிரே இருந்தது தெரியவில்லை.

“எத்தனை சென்டிமீட்டர்?” என்று கேட்டார் மருத்துவர்.

“அது... ஆளைப் பொறுத்து.”

“ஆளைப் பொறுத்தா?”

கம்பியின் நுனி நடுங்கிப் பொம்மையின் தொடையில் பட்டது.  சின்னவள் கண்ணை எடுக்கவில்லை. துறைத் தலைவர், “போதும், வெச்சிடுங்க” என்ற பிறகும் அவருக்கு வைக்கத் தோன்றவில்லை. மருத்துவர்தான் அவர் விரல்களிலிருந்து வாங்க வேண்டியிருந்தது.

பழைய ஏடு அன்று மாலையே வெளியே வந்தது. அதில் போட்டிருந்த தேதியிலும் ஐஸ் அணியோடு வெளியூரில் இருந்ததாகப் பயணப் பதிவு சொன்னது. ஐஸைப் பணியிலிருந்து நிறுத்தி, அண்ணனின் வழக்கை மறுபடி திறப்பதாகத் துறைத் தலைவர் கையெழுத்திட்டார். அது ஏட்டைக் கண்ணால் பார்த்துப் போட்ட கையெழுத்து.

தாழ்வாரத்தில் ஐஸ் பின்னாலேயே வந்தார். “அம்மாடி, எனக்கும் வீடு வாசல், புள்ளைங்க இருக்கு. கொஞ்சம் மனசு வை.”

“அந்தப் பையனும் ஒரு புள்ளதான் சார். இப்பவாச்சும் ஞாபகம் வந்துச்சா?”

வாசலில் அண்ணன் வண்டியை முறுக்கிக்கொண்டு நின்றான். விஷயத்தைக் கேட்டதும் முதலில் திட்டினான். “பைத்தியக்காரி! ஆறு மாசத்த வாரிக் குடுத்துட்டியே. ஆறு வாரம் பொறுக்க முடியலையா உனக்கு?” வண்டி இரண்டு தெரு தாண்டியது. பிறகு மெதுவாகக் கேட்டான்.

“கை நடுங்கிச்சா?”

“நடுங்கிச்சு.”

“எந்தக் கை?”

“வலது. பொம்மை தொடையில டக்குனு பட்டுச்சு.”

சிக்னலில் நிற்கும்போது, “இன்னொரு தடவ சொல்லு” என்றான். சொன்னாள். வீட்டுத் தெருமுனையில் இன்னொரு தடவை கேட்டான். திரும்பப் போய்ப் படிப்பாயா என்று அவள் கேட்டதற்கு, “முப்பத்தி நாலு வயசுல எனக்கு எதுக்குடி டேப் சுத்தற வேலை? எம்பேரு போதும்” என்று சொல்லிவிட்டு வண்டியை நிறுத்தினான்.

உள்ளே அம்மா தட்டு வைத்தாள். யாரும் கையை நனைக்கவில்லை. சின்னவள் ஆறு மாசம் போனதைத்தான் அப்பாவிடம் முதலில் சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

“ஆறு மாசம்தானே,” என்றார் அப்பா. “போய்ப் படி. இந்தத் தடவ ஒவ்வொண்ணும் உண்மையாப் பண்ணு.” நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். “சரி. அந்த டாக்டர் பொம்மைய எடுத்துட்டு வந்தாரில்ல, அங்கேர்ந்து சொல்லு. ஒண்ணும் விடாத. அவன் மூஞ்சி எப்படிப் போச்சு?”

அம்மா விளக்கைப் போட்டுவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சின்னவள் சொல்லத் தொடங்கினாள்.