மேனேஜருக்கு ஒரு ஹீட்டர்

“அக்கா, எனக்கு எர்த் வேணும். குழி தோண்டி, சரியான எர்த் போட்டுக் குடுங்க.”

கோவைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த சரசா கத்தியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். கள்ளிக்குப்பத்தில் மூன்று போர்ஷன் கொண்ட அந்த வீட்டுக்குச் சொந்தக்காரி அவள். மொட்டைமாடி அறைக்கு சைமா குடிவந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தப் பெண் கீழே இறங்கி வந்து இதுவரை எதையும் கேட்டது கிடையாது. கூரை ஒழுகியபோதுகூட பக்கெட்டை வைத்துவிட்டுச் சும்மா இருந்தவள்.

“இன்னாத்துக்கு எர்த்து?”

“மீன் தொட்டிக்கு.”

“மீனுக்கு எர்த்தா?”

“மீனுக்கு ஹீட்டர். ஹீட்டருக்கு எர்த்.”

சரசாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “மெட்ராஸ்ல மனுசனே வெந்துகினு கீறான். மீனுக்கு ஹீட்டரா?”

சைமா சிரிக்கவில்லை. வீட்டுக்காரரிடம் எதையும் கேட்காதே என்று சொல்லித்தான் அவளுடைய அம்மா நசீம் பானு அனுப்பி வைத்திருந்தாள். “தண்ணி வரலன்னாலும் கேக்காத, தாழ்ப்பாள் போடலன்னாலும் கேக்காத. நம்ம பேரக் கேட்டதும் ‘ஆள் வந்தாச்சு’ன்னு சொன்னவங்க எத்தனை பேருன்னு நீயே பாத்தல்ல? கெடச்ச எடத்துல கம்முனு இரு.” அவளும் கம்மென்றுதான் இருந்தாள், நேற்றுவரைக்கும்.

அந்தத் தொட்டி அவள் ஆசைப்பட்டு வாங்கியதல்ல. அம்பத்தூர் எஸ்டேட்டில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடமொன்றில் அவளோடு வேலை பார்த்த சௌம்யா, கல்யாணமாகிக் கனடா போகும்போது விட்டுப்போனது. உப்புத் தண்ணீர்த் தொட்டி. அதில் ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒற்றை மீன். நாள் முழுக்கக் கல்லுக்குப் பின்னால் ஒளிந்துகிடந்து, சாப்பாடு போடும்போது மட்டும் வெளியே வந்து அதிகாரம் பண்ணும் என்பதால் சௌம்யா அதற்கு ‘மேனேஜர்’ என்று பேர் வைத்திருந்தாள். போன புதிதில் தினமும் பேசினாள். பிறகு மேனேஜரின் போட்டோ கேட்டாள். பிறகு அதையும் கேட்பதில்லை.

வேலை முடிந்து வந்தால் சைமா பேசுவது அந்த மீனோடுதான். லேபில் யாரோடு சண்டை, எந்தக் கம்பெனிக்காரன் தண்ணீர் சாம்பிளை மாற்றிக் கொடுத்தான், எல்லாம் மேனேஜருக்குத் தெரியும். பதில் சொல்லாது, அவ்வளவுதான். பூந்தமல்லியில் இருக்கும் அம்மாவுக்கும் அத்தாவுக்கும் போன் போட்டால் அவர்களும் பதில் சொல்வதில்லை. “எங்களுக்கு இன்னா தெரியும், நீ படிச்ச புள்ள” என்பார் அத்தா. அதில் பெருமையும் இருக்கும், கதவைச் சாத்துகிற சத்தமும் இருக்கும்.

மழை விடாமல் பிடித்துக்கொண்ட வாரத்தில் மேனேஜர் சாப்பிட வரவில்லை. உடம்பில் உப்புத் தூவினாற்போல வெள்ளைப் புள்ளிகள். மொட்டைமாடி அறை அப்படி. வெயில் அடித்தால் கொதிக்கும், மழை பெய்தால் சில்லிடும். தொட்டியோ சின்னது. சூடு மேலேயும் கீழேயுமாக ஆடினால் மீன் தாங்காது. சௌம்யாவின் பழைய ஹீட்டரை எடுத்துப் பார்த்தாள். கண்ணாடிக் குழாயின் உள்பக்கம் நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தது. உள்ளே தண்ணீர் போன ஹீட்டரைத் தொட்டியில் இறக்க அவளுக்குப் பைத்தியமா?

ஆவடி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மீன் கடை வைத்திருக்கும் பாபுவிடம் போனாள்.

“கண்ணாடியே வேணாம் மா,” என்றான் பாபு. “தண்ணி மாத்தும்போது ஆஃப் பண்ண மறந்தா பட்டுனு வெடிக்கும். அப்பால உப்புத் தண்ணி ஃபுல்லா கரண்டு. நீ கைய வுட்ட, அவ்ளோதான்.”

“வேற என்ன இருக்கு?”

“டைட்டானியம். உப்பு அரிக்காது, ஒடையாது. சூட்டக் கட்டுப்படுத்துற டப்பா தனியா வெளிய இருக்கும். பெருசா ஒண்ணு வாங்காத. சின்னதா ரெண்டு போடு. ஒண்ணு ஆஃப் ஆவாம ஒட்டிக்கினாலும் மீனு கொழம்பாவாது.”

“சரி, குடுங்க.”

“இரு. அது மெட்டல் உடம்பு. உங்க ஊட்ல எர்த்து கரெக்டா கீதா?”

“மூணு ஓட்டை ப்ளக் இருக்கு.”

பாபு சிரித்தான். “ஓட்டை எல்லா ஊட்லயும் கீது. டெஸ்ட் லாம்பு எரிஞ்சா நம்பாத. மூடியக் கழட்டிப் பாரு. எர்த்து இல்லாட்டி பிளாஸ்டிக் உடம்புல ஒண்ணு கீது, அத வாங்கிக்கோ. கொஞ்ச நாளு வரும்.”

டைட்டானியம் இரண்டையும் வாங்கிக்கொண்டுதான் வந்தாள். அறையின் மெயினை அணைத்து, ஸ்க்ரூவைக் கழற்றி, மூடியை எடுத்தாள். உள்ளே எர்த் வயரே இல்லை. விரல் நீளத்துக்கு ஒரு துண்டு வயர், கரண்ட் திரும்பிப் போகிற நியூட்ரல் கம்பியிலிருந்து எர்த் ஓட்டைக்குத் தாவியிருந்தது. பாத்ரூமில் கீசர் பாயின்டைத் திறந்தாள். அங்கேயும் அதே துண்டு. எங்காவது நியூட்ரல் அறுந்தால் போதும், காப்பாற்ற வேண்டிய அந்தக் கம்பியே கரண்டைக் கொண்டுவந்து கீசர் உடம்பில் இறக்கும். அதன் கீழே நின்றுதான் ஒரு வருஷமாகக் குளித்திருக்கிறாள்.

மூடியைத் திரும்ப மாட்டிவிட்டு, பிளாஸ்டிக் ஹீட்டரை வாங்கிக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். ராத்திரி முழுக்க அதைத்தான் யோசித்தாள். காலையில் கீழே இறங்கிவிட்டாள்.

இதையெல்லாம் அவள் சொல்லி முடித்ததும் சரசாவின் சிரிப்பு நின்றது. “இந்த ஊட்டு வயரிங்கு என் தம்பி தங்கராஜு பண்ணது. தெரியுமா உனுக்கு?”

“தெரியாது. அவரையே வரச் சொல்லுங்க.”

சாயந்திரம் தங்கராஜ் வந்தார். ஏரியாவில் பாதி வீட்டுக்கு வயரிங் அவர்தான். கையில் டெஸ்ட் லாம்பு. சரசாவோடு மாடியேறியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் அதை ப்ளக்கில் சொருகினார். பல்பு பளிச்சென்று எரிந்தது.

“இன்னா பாப்பா? எரியுதா, இல்லியா?”

“எரியும். நியூட்ரல்ல கட்டினா எரியாம என்ன பண்ணும்? மூடியக் கழட்டுங்க.”

“நீ எனுக்கு வேல சொல்லித் தர்றியா?”

அவளே கழற்றினாள். மெயினை அணைத்துவிட்டுத்தான். அந்தத் துண்டு வயரைப் பார்த்ததும் தங்கராஜ் அக்காவைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார்.

“இந்தப் பக்கம் எல்லா ஊட்லயும் இப்டித்தான் பாப்பா. கொழாய் எறக்கி, உப்பு, கரி கொட்டி எர்த்து போட எவன் தயாரா கீறான்? இத்தினி வருசத்துல ஒரு உயிர் போய்க்கீதா, சொல்லு?”

“போனவங்க வந்து சொல்ல மாட்டாங்கண்ணா.”

“பாத்தியா அக்கா, இன்னா வாயி!”

சரசாவின் முகம் சிவந்துவிட்டது. சைமா காய்ச்சலில் கிடந்தபோது மிளகு ரசம் வைத்து மாடிக்கு எடுத்துவந்தவள் அவள். சைமா அதை மறக்கவில்லை.

“பேரக் கேட்டுட்டு எவன் உனுக்கு ஊடு குடுத்தான்? நான் குடுத்தேன். அத்த நெனச்சுப் பாத்தியா நீ?”

“நெனச்சுத்தான் இத்தனை நாளா வாய மூடிட்டு இருந்தேன்.”

சரசா தொட்டிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் காற்றுக் குழாய் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் சரசாதான் குரலைத் தணித்தாள். “இதப் பாரு, எனுக்கு உன்ன அனுப்பணும்னு இல்ல. தம்பியாண்ட தப்பாப் பேசிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லு. அந்தப் பிளாஸ்டிக்கு ஹீட்டர வாங்கிக்கோ. இந்த எர்த்து பேச்ச வுடு. எப்பியும் போல இரு.”

இருவரும் இறங்கிப் போனார்கள். சைமா அம்மாவுக்குப் போன் செய்தாள்.

“ஒரு வார்த்தைதானம்மா,” என்றாள் நசீம் பானு. “சொன்னா வாய் தேஞ்சா போவுது? போயும் போயும் ஒரு மீனுக்காக...”

“மீனுக்காக இல்லம்மா.”

“அப்புறம் இன்னாத்துக்கு?”

நியூட்ரல் அறுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல ஆரம்பித்தாள். பாதியில், “நீ படிச்சவ, உனக்குத் தெரியும். சாப்டியா?” என்றாள் அம்மா. சைமா “ம்” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

மேனேஜர் கல்லுக்குப் பின்னால் ஒடுங்கிக் கிடந்தது. செவுள் வேகமாக அடித்துக்கொண்டது. அறையைச் சுற்றிப் பார்த்தாள். இந்தப் பத்துக்குப் பத்தில்தான் அவள் முதல்முறையாக யாரிடமும் கேட்காமல் விளக்கை அணைத்தாள், போட்டாள், தன் இஷ்டத்துக்குத் தூங்கினாள். மறுபடி ஓர் அறை கிடைக்க எத்தனை வாசல் ஏற வேண்டுமோ. தப்பாப் பேசிட்டேன் என்று ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். பேசியது தப்பில்லையே.

பாபுவுக்குப் போன் போட்டாள். “அண்ணா, என் மீனை உங்க தொட்டில கொஞ்ச நாள் வெச்சுக்க முடியுமா?”

“புள்ளி கீதுன்ற. தனியா வெக்கணும். கொண்டா, பாத்துக்கலாம்.”

எஸ்டேட் ஹாஸ்டலில் கட்டில் இருக்கிறதா என்று அடுத்து கேட்டாள். நாலு பேர் அறையில் ஒன்று இருந்தது. பூந்தமல்லிக்குப் போகிற எண்ணம் அவளுக்கு வரவேயில்லை. மூடி போட்ட பக்கெட்டில் தொட்டித் தண்ணீரை மொண்டு, மேனேஜரை வலையில் பிடித்து இறக்கினாள். துணிகள் ஒரு பைக்குள் அடங்கின, பிரிக்காத ஹீட்டர் பெட்டியும்தான். கண்ணாடித் தொட்டியை எடுக்க ஞாயிற்றுக்கிழமை டெம்போ பிடித்து வர வேண்டும்.

சரசாவின் வாசலில் சாவியை நீட்டினாள். சரசா அதை வாங்காமல் பக்கெட்டையே பார்த்தாள். “மழைல எங்கடி போவ?”

“போறேங்க்கா.” சாவியை ஷூ ஸ்டாண்டின் மேல் வைத்தாள்.

கீழ்ப் போர்ஷன் வேம்புலியம்மாள் படிக்கட்டடியில் காத்திருந்தாள். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது.

“பாப்பா, அந்தத் துண்டுக் கம்பி எங்க பாத்ரூம்லயும் கீதா?”

“திறந்து பாத்தாத்தான் தெரியும். இருக்கும்னுதான் நெனைக்கிறேன். கீசர ஆஃப் பண்ணிட்டுக் குளிங்க. நீங்களும் கேளுங்கம்மா. ரெண்டு பேராக் கேட்டா போட்டுத்தான் ஆவணும்.”

வேம்புலியம்மாள் சரசாவின் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். குரல் இன்னும் இறங்கியது. “மெதுவாப் பேசு தாயி. எங்களுக்கு வேற போக்கு இன்னா கீது?”

சைமா பையைத் தோளில் ஏற்றிக்கொண்டாள். இரண்டு கையாலும் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, தண்ணீர் தளும்பாமல், கேட்டை முழங்காலால் தள்ளித் திறந்து மழைக்குள் இறங்கி நடந்தாள்.