கஞ்சி போட்ட நாற்றம்

எட்டு ஈரத் துண்டுகளையும் ஒரு கம்பளிப் போர்வையையும் காயப்போட்ட பிறகும் கொஞ்சம்கூடத் தொய்யாமல் நின்ற நாற்றம் ஒன்று இந்த உலகத்தில் உண்டென்றால், அது சலவை அக்கா தன் கையாலேயே கஞ்சி போட்டு விறைப்பாக்கிய நாற்றம்தான். சலவை அக்கா ஒரு பெரிய ஓட்டலின் சலவைக்கூடத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். படுக்கை விரிப்பை ஒரு உதறு உதறினால் போதும், அதில் படுத்தவர் என்ன தின்றார், யாரோடு சண்டை போட்டார், பல் தேய்த்தாரா இல்லையா என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற கையோடு ஒரு முதுகுப்பையை வாங்கி மாட்டிக்கொண்டு தனியாக ஊர் சுற்றக் கிளம்பினார். தராசு பழுதுபார்க்கும் தம்பிக்கு வயிறு எரிந்தது. அக்காவுக்கென்று பின்னறையை வெள்ளையடித்து வைத்திருந்தான்; முன்யோசனையோடு தன் இரட்டைப் பிள்ளைகளின் தொட்டில்களையும் அதற்குள் போட்டு வைத்திருந்தான். "போயிட்டு வா, வேணாங்கல. ஆனா தனியா சமாளிக்க முடியலன்னு தெரிஞ்சுது, பை பரணுக்கு, நீ வீட்டுக்கு" என்றான். அக்கா அவன் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். சற்றுப் பலமாகவே அடித்தார்.

அக்கா போய்ச் சேர்ந்தது முதுகுப்பைக்காரர்கள் தங்கும் ஒரு விடுதி; அதன் மாடி அறையில் அடுக்குக் கட்டில்கள். தலையணைகளில் முன்னால் படுத்தவர்களின் வியர்வை மஞ்சள் வரைபடமாகப் பரவி, கண்டம் கண்டமாகப் பிரிந்து, சில இடங்களில் தீவுகள்கூட உருவாகியிருந்தன. பொதுச் சோப்புக்குத் தாடி முளைத்திருந்தது. பொதுக் குளிர்பெட்டியில் இருந்த பால் பாக்கெட்டைத் திறந்தால் அது பெருமூச்சு விட்டது. குளியலறை வடிகாலில் அடைத்திருந்த முடியை அக்கா ஒரு குச்சியால் இழுக்க, அது வந்தது, வந்துகொண்டே இருந்தது. நடுவில் நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு வந்து மிச்சத்தையும் இழுத்துக் கட்டாகக் கட்டி வாசலில் வைத்தார். சவுரிமுடி வியாபாரி ஒருவர் தூக்கிக்கொண்டு போனார். அக்காவுக்குக் குமட்டிக்கொண்டே இருந்தது. ஆனால் குமட்டுகிறது என்று தம்பிக்குச் சொல்ல வழியில்லையே! விழுங்கிக்கொண்டு, தன் விரிப்பைத் தன் கட்டிலில் விரித்தார்.

பூட்ஸ்காரன் வந்தது மழைக்காலத் தொடக்கத்தில். காலுறையைக் கழற்றினால் நடை கெட்டுவிடும் என்று நம்பி வருடக்கணக்காக நடந்தே வந்தவன். அவன் பூட்ஸைக் கழற்றியதும் சுவரில் இருந்த பல்லி மல்லாந்து விழுந்தது, சுண்ணாம்பு கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது, அறையில் இருந்தவர்கள் பையை மறந்துவிட்டு ஓடினார்கள். மிஞ்சியது அக்காவும், புண் கட்டும் வார்டிலிருந்து நீண்ட விடுப்பில் வந்திருந்த குண்டு நர்ஸும்தான்.

"இதுக்கா ஓடுறாங்க? எங்க வார்டுல இத ஊதுவத்தின்னு சொல்லுவோம்" என்றாள் நர்ஸ்.

"நீ சும்மா இரு. டேய், கழட்டுடா அந்தக் கருமத்த!" என்று காலுறையைக் காட்டினார் அக்கா.

"அக்கா, இது என் கால்லயே வளந்ததுக்கா, பிரிஞ்சு இருக்காது" என்று பூட்ஸ்காரன் கெஞ்சியதை யாரும் காதில் வாங்கவில்லை.

காலுறைகளைச் சோடா போட்டு வேகவைத்தார்கள். முதல் தண்ணீரைப் பார்த்து வாளியே ஒருமுறை ஓங்கரித்தது. ஏழாவது தண்ணீர் கொஞ்சம் தெளிந்ததும், அக்காவின் கை பழக்கதோஷத்தில் கடைசி அலசலுக்குக் கஞ்சியைக் கரைத்து ஊற்றிவிட்டது. விரிப்புக்கும் மேசைத்துணிக்கும் போட வேண்டிய கஞ்சி. கம்பளிக் காலுறைக்குக் கஞ்சி போடுகிறவர் உலகத்திலேயே கிடையாது. வெளியே மழை, அதனால் அறைக்குள்ளேயே காயப்போட்டார்கள். காலுறை சுத்தமாகிவிட்டது, ஆனால் ஆவியோடு கிளம்பிய நாற்றம் கஞ்சியை மொத்தமாக உறிஞ்சிக்கொண்டு, மதியத்துக்குள் அறையின் குறுக்கே மொடமொடவென்று காய்ந்து நின்றது. நிறம், பழைய கோந்து நிறம். தட்டினால் டொக்கென்றது. நர்ஸ் தயங்காமல் தன் ஈரத் துண்டை அதன்மேல் போட்டாள்.

அதற்குப் பிறகு மூன்று பேரும் அதில் சாய்ந்துதான் பேசினார்கள். அவ்வளவு மட்டமான ஒன்றில் முதுகை வைத்துச் சாய்ந்த பிறகு ஒருவரிடம் ஒருவர் எதை மறைக்க? தான் வேலையை விட்டுவிட்டதாகவும், விடுப்பு என்பது பொய் என்றும் நர்ஸ் சொன்னாள். பூட்ஸ்காரன், கால் வலிக்கிறது, ரொம்ப நாளாகவே வலிக்கிறது என்று சொல்லி அழுதான். பேச்சு தீர்ந்ததும் ரொட்டிக் கத்தியால் நாற்றத்தைப் பலகைகளாக அறுத்து முதுகில் கட்டிக்கொண்டு சுற்றினார்கள். பேருந்து நிலையத்தில் ஒரு வரிசை நாற்காலி முழுக்க அவர்களுக்கே கிடைத்தது. அக்காவின் பையைப் பறித்த திருடன் தெருமுனை வரை ஓடி, திரும்பி வந்து, பையை அவர் காலடியில் வைத்து, ஓரமாகப் போய் வாந்தி எடுத்து, மன்னிப்பும் கேட்டான். அக்கா அவனுக்கு வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

சந்தோஷம் தாங்காமல் அக்கா தம்பிக்குப் போன் போட்டு இதையெல்லாம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. அடுத்த வண்டியிலேயே வந்து இறங்கினான். ஜலதோஷத்தோடு வந்ததால் அறைக்குள் தைரியமாக நுழைந்தான். தான் எங்கேயும் கொண்டுபோகும் வில்தராசில் ஒரு நாற்றப் பலகையை மாட்டினான். முள் பூஜ்யத்திலிருந்து அசையவில்லை.

"எடையே இல்ல. எடை இல்லேன்னா அது இல்ல. ஏதோ கண்ணாடித்தாளை வச்சு ஏமாத்துறாங்க, நீயும் நம்பிட்டு உக்காந்திருக்க."

"மூக்க சிந்திட்டுப் பேசுடா."

"அக்கா, உனக்குப் புத்தி பெசகிடுச்சு. இதுதான் சமாளிக்கிற லட்சணமா? கெளம்பு. பரண் காலியா இருக்கு."

பதிலுக்குக் காத்திராமல் அக்காவின் பையைத் தன் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி நடந்தான். பை போனால் அக்கா பின்னால் வந்துதானே தீர வேண்டும் என்ற கணக்கு. அக்காவின் முகம் வெளுத்த விரிப்பு மாதிரி ஆகிவிட்டது. பின்னறை, தொட்டில்கள், மிச்ச வாழ்நாள், எல்லாம் அந்தப் பையோடு ஆடி ஆடிப் போய்க்கொண்டிருந்தன.

விடுதிக்குப் பின்னால் ஊரின் பெரிய சாக்கடை. அகலம் ஒரு தெரு அளவு. செத்த எலிகள் அதில் குடும்பம் குடும்பமாக மிதக்கும். குமிழிகள் பூசணிக்காய் அளவுக்கு எழும்பி, ஏப்பம் விட்டு உடையும். குறுக்கே கிடந்த மரப்பாலத்தின் நடுவில் தம்பி கால் வைத்தபோது மழையில் உளுத்திருந்த பலகைகள் மொத்தமாக விட்டுக்கொடுத்தன. இடுப்பளவு இறங்கினான். பிறகு மார்பளவு. சேறு அவனை நிதானமாக, ருசி பார்த்துக்கொண்டே விழுங்கியது. ஜலதோஷமும் அந்த நிமிடமே தெளிந்துவிட்டது.

மூவரும் ஓடிவந்து நாற்றப் பலகைகளை ஒன்றின் முனையில் ஒன்றாகச் சேர்த்துச் சாக்கடைமேல் நீட்டினார்கள். கஞ்சி ஈரம் பட்டதும் தானாக ஒட்டிக்கொண்டது.

"பிடிச்சு ஏறுடா!"

"அது ஒண்ணும் இல்லக்கா! வெறும் நாத்தம்!"

"அப்ப அந்த எலியப் பிடிச்சுட்டு ஏறு!"

எலி ஒன்று வாயருகே வந்தது. தம்பி கண்ணை மூடிக்கொண்டு கையைப் போட்டான். கைக்கு ஏதோ அகப்பட்டது. குமட்டினான், தொங்கினான், முட்டிபோட்டு ஏறினான், எழுந்து நின்றான். பையைத் தோளில் போட்டபடி, சொட்டச் சொட்ட, கரைக்கு நடந்து வந்தான். நர்ஸ் ஊசி போட்டாள். அக்கா அவன் உடைகளை மூன்று முறை சோடாவில் அலசினார். பூட்ஸ்காரன் தன் சுத்தமான காலுறைகளைக் கொடுத்தான். தம்பி யார் முகத்தையும் பார்க்காமல் பையை அக்காவின் கட்டிலில் வைத்தான்.

மனைவியிடமிருந்து போன் வந்தது. படிக்கட்டில் உட்கார்ந்து பேசினான்.

"அக்கா வரல. இல்ல, நான்தான் வேணாம்னுட்டேன். நல்லாத்தான் சமாளிக்கிறா. பாலமா? அது உடைஞ்சிருச்சு. அப்புறம் எப்படி வந்தேனா?" பூட்ஸ்காரன் கொடுத்த காலுறையை மேலே இழுத்துவிட்டுக்கொண்டான். "நாத்தத்து மேலதான் நடந்து வந்தேன். ஆமாடி, நாத்தம்தான். கொஞ்சம் வழுக்குச்சு, அவ்வளவுதான்."