உறவினர் அல்லாத இருவர்

1.

இந்தக் கதையில் ஒரே ஒரு வாக்கியம்தான் நிஜம். அதுவும் என்னுடையது அல்ல. சிதம்பரம் மேல வீதியில் ஒரு ஜெராக்ஸ் கடையில், ஓய்வூதியப் புத்தகத்தை நகலெடுக்க நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் புர்கா அணிந்த ஒரு பெண், தட்டச்சு செய்பவரிடம் கேட்டாள்.

"சொந்தம் இல்லாத ஆளுன்னு எனக்கு யாருண்ணே இருக்கா?"

அதற்குள் என் நகல் வந்துவிட்டது. நான் கிளம்பிவிட்டேன். அவள் அழவில்லை, குறைப்படவும் இல்லை. கடையில் கொத்தமல்லி இருக்கிறதா என்று கேட்கிற குரலில்தான் கேட்டாள். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் குரல் போகவில்லை.

அவளுக்கு ஃபர்ஹீன் என்று பெயர் வைத்தேன். ஊர் லால்பேட்டை. வயது முப்பத்தொன்று. படிப்பு எம்.எஸ்சி. வேதியியல். கணவர் முஹம்மது ஆசிக் மஸ்கட்டில் இருக்கிறார். (மஸ்கட்டை மாற்றிக்கொள்ளலாம். அவர் தொலைவில் இருந்தால் போதும்.)

2.

தொடக்கம் அ: "பியூரெட்டின் நுனியில் ஒரு துளி, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தபோது ஃபர்ஹீனின் மனம்" —

நிறுத்திவிட்டேன். துளியைக் காட்டினால் பிறகு அதற்கு அர்த்தம் கொடுக்க வேண்டியிருக்கும்.

தொடக்கம் ஆ: "மதிப்பிற்குரிய ஐயா, கீழே கையொப்பமிட்டுள்ள" —

இது கதையில்லை, பழக்கதோஷம்.

தொடக்கம் இ: ஃபர்ஹீனுக்கு அந்த வேலை வேண்டும்.

இது பரவாயில்லை. இதிலிருந்தே போகலாம்.

ஃபர்ஹீனுக்கு அந்த வேலை வேண்டும். கடலூர்ப் பக்கம் இறால் தீவனம் தயாரிக்கும் ஒரு கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேதியியலர் பணி. கம்பெனி வண்டி சிதம்பரம் வரை வரும். ஆசிக் போனில், "தாராளமா போ" என்று சொல்லிவிட்டார். மாமியாரும் சரி என்றார். (கொடுமைக்கார மாமியாரை எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும். இந்த அம்மாள் மருமகளுக்காகப் பஸ் நேரம் விசாரித்து, காலண்டரின் பின்பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்.)

கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேதியியல் சொல்லிக்கொடுத்தாள். அதன் பிறகு ஆறு வருடங்களாக அரிசி, எண்ணெய் தவிர எதையும் அவள் அளந்து பார்க்கவில்லை. சோதனைக்கூடத்தில் நிற்கும்போதுதான் அவளுக்குத் தன்னையே பிடிக்கும். இதைச் சுற்றிவளைத்துச் சொல்ல நான்கு வழிகள் யோசித்தேன். எதுவும் சரிப்படவில்லை.

3.

விண்ணப்பம் எழுதுவது பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தகுதி உண்டு. கடலூரில் ஓர் அலுவலகத்தில் முப்பத்தோரு வருடம் விண்ணப்பங்களைப் பிரித்து அடுக்கியவன் நான். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எந்த வேலைக்கு என்பது முதல் வரியிலேயே தெரிய வேண்டும். உங்களால் அவர்களுக்கு என்ன ஆகும் என்று எழுத வேண்டும். அவர்களால் உங்கள் குடும்பத்துக்கு என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தேவையில்லாத தகவல். 'கடின உழைப்பாளி' என்று போடாத ஆளை நான் பார்த்ததே இல்லை. ஆகவே அந்தச் சொல்லைக் கண்கள் தாமாகவே தாண்டிவிடும். அதற்குப் பதில், செய்த காரியம் ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள்.

கடையில் தட்டச்சு செய்யும் தமிழ்மணிக்கு இதெல்லாம் தெரியாது. அவருடைய கணினியில் ஒரே ஒரு பயோடேட்டா இருக்கிறது. ஆளுக்கு ஆள் பெயரை மாற்றுவார்.

"ஹாபி, புக்ஸ் படிக்கிறது, பாட்டு கேக்குறதுன்னு போட்டுட்டேன்கா."

"நான் பாட்டு கேக்க மாட்டேனே."

"யாருக்கா கேக்குறா? அத போட்டாத்தான் ரெண்டாம் பக்கம் நெறையும்."

ஃபர்ஹீன் அதை எடுக்கச் சொன்னாள். இரண்டாம் பக்கம் பாதியில் நின்றது. அடுத்து, 2019 முதல் இன்று வரை என்ன செய்தாள் என்ற இடம் வந்தது. சொந்தத் தொழில் என்று போடலாம் என்றார் தமிழ்மணி. அவள் சொல்லச் சொல்ல அவர் அடித்தது இது: "குடும்பப் பொறுப்பு. இந்த ஆறு ஆண்டுகளில் ஆய்வகப் பணி இல்லை."

"இல்லன்னு யாருக்கா பயோடேட்டாவுல போடுவா?"

"இல்லையேண்ணே."

கடிதத்தில் செய்த காரியமாக அவள் எழுதியது இன்னும் மோசம். எம்.எஸ்சி. படித்தபோது ஒரு மாதிரித் தேர்வு. எல்லோருக்கும் ஒரே கரைசல். வரவேண்டிய விடை 21.4 என்று முன்பே கசிந்துவிட்டது. முப்பத்தேழு பேர் 21.4 என்று எழுதினார்கள். ஃபர்ஹீனின் பியூரெட், கரைசலைச் சொட்டுச் சொட்டாக அளக்கும் குழாய், 22.1 காட்டியது. மூன்று முறை செய்தாள். மூன்று முறையும் 22.1. அதையே எழுதினாள். மதிப்பெண் குறைந்தது.

(கரைசல் தயாரித்ததில்தான் தவறு, ஃபர்ஹீன் சொன்னதுதான் சரி என்று பிற்பாடு தெரியவந்ததாக ஒரு பத்தி எழுதினேன். அழகான பத்தி. அடித்துவிட்டேன். யார் சரி என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.)

தோற்ற கதையைத் தன் தகுதியாக எழுதிய ஒரு விண்ணப்பம்கூட என் மேசைக்கு வந்ததில்லை. வந்திருந்தால் எழுந்து போய் அதிகாரியின் கையில் கொடுத்திருப்பேன்.

4.

தடங்கல் கம்பெனியின் படிவத்தில் கடைசிக் கட்டத்தில் வந்தது. "உறவினர் அல்லாத, உங்களை நன்கு அறிந்த இருவர். பெயர், தொலைபேசி எண். அழைத்து விசாரிக்கப்படும்."

(ஒரு சிறுகுறிப்பு: எங்கள் அலுவலகப் படிவத்திலும் இந்தக் கட்டம் உண்டு. முப்பத்தோரு வருடத்தில் நாங்கள் ஒருவரையும் அழைத்ததில்லை. ஆனால் இந்தக் கம்பெனி அழைக்கும்.)

என் காதில் விழுந்த வாக்கியத்தை ஃபர்ஹீன் இந்த இடத்தில்தான் சொன்னாள். தமிழ்மணி அசரவில்லை.

"என் பேர போடுங்கக்கா. வருஷத்துக்கு இருவது பேருக்கு நான்தான் ரெஃபரன்ஸ். உங்கள எனக்குத் தெரியாது, அதனால சொந்தமும் இல்ல."

"நல்லா தெரிஞ்சவுங்கன்னு போட்டிருக்காங்களேண்ணே."

அவர் பெயரைப் போட்டிருந்தால் இந்தக் கதை இங்கேயே முடிந்திருக்கும். அவளும் போடவில்லை, நானும் வற்புறுத்தவில்லை.

அவள் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் தாளாளர் அவளுடைய பெரியத்தா, அத்தாவின் அண்ணன். ஆகவே அது உதவாது. ஊரில் யோசித்து யோசித்து, மருந்துக்கடை உபைதுல்லாவிடம் போனாள். ஐந்து வருடமாக மாமியாருக்குச் சர்க்கரை மாத்திரை அங்கேதான் வாங்குகிறாள். அவர் எந்த வகையிலும் சொந்தமில்லை.

"மாமா, ஒரு ஃபார்ம்ல உங்க பேரு போடணும். சொந்தம் இல்லாதவங்க பேரு கேக்குறாங்க."

உபைதுல்லாவின் முகம் விழுந்துவிட்டது. "சொந்தம் இல்லாதவனா? நானா?"

"கம்பெனிக்காரங்க கேக்குறாங்க மாமா."

"உக்காரு. காசிம் மவதானே நீ? காசிமோட தங்கச்சிய எங்க குடுத்தாங்க?"

"மங்கலம்பேட்டையில."

"மங்கலம்பேட்டையில யாரு வூட்ல?"

"ரைஸ்மில்காரங்க வூட்ல."

"அந்த ரைஸ்மில்காரரு யாரு தெரியுமா? எங்க பெரியம்மா மவன்!" மேசையைத் தட்டினார். "அல்ஹம்துலில்லாஹ்! இத்தினி நாளா தெரியாமப் போச்சே. இனிமே யாரோ மாரி கவுண்டர்கிட்ட நிக்காத. உள்ள வா. டீ சொல்றேன்."

இதற்கு மொத்தம் நான்கு நிமிடம் ஆகியிருக்கும். டீ நன்றாக இருந்தது. புதிதாகக் கிடைத்த மாமாவோடு ஃபர்ஹீன் பத்து நிமிடம் பேசிவிட்டு, படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வந்தாள். இதே போல இன்னும் மூன்று இடங்களுக்குப் போனாள். அவற்றை எழுதவில்லை. வியாழக்கிழமைக்குள் அவளுக்கு நான்கு சொந்தங்கள் கூடியிருந்தன.

அன்றைக்குத்தான் அவளுக்குப் பயம் வந்தது. வேலை போய்விடுமோ என்கிற பயம் அல்ல. முப்பத்தொரு வயதாகிறது, காசிம் மகள், ஆசிக் மனைவி என்று இல்லாமல், தன்னைத் தானாக மட்டும் தெரிந்த ஆள் ஒருவர்கூட இல்லையோ என்ற பயம். அதை யாரிடம் சொன்னாலும் அவரும் சொந்தக்காரராகத்தான் இருப்பார் என்பதால் சொல்லாமல் விட்டாள்.

5.

சிதம்பரத்தில் அவளுக்குப் பாடம் நடத்திய பழனிவேல் சார் ஓய்வுபெற்று, கீழ வீதிப் பக்கம் இருக்கிறார். ஃபர்ஹீன் போய் நின்றாள். சாருக்கு அடையாளம் தெரியவில்லை.

"எந்த வருஷம்மா?"

"அந்த மாதிரித் தேர்வு சார். எல்லாரும் இருபத்தொண்ணு புள்ளி நாலு."

"ஆமா. நல்ல பேட்ச். எல்லாருமே கரெக்டா போட்டாங்க."

"நான் இருபத்திரண்டு புள்ளி ஒண்ணு சார்."

சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். "ஓ, நீயா?"

அந்த 'நீயா'வுக்கு என்ன பொருள் என்று நான் விவரிக்கப் போவதில்லை. எனக்கும் தெரியவில்லை. எண்ணைக் கொடுத்தார். ஒருவர் கிடைத்துவிட்டார்.

6.

இன்னும் ஒருவர். கையில் பேனா இருக்கும்போது இதற்கு ஏன் கவலைப்பட வேண்டும் என்று ஒரு பாத்திரத்தை உண்டாக்கினேன். பெயர் சௌந்தரம். பெண்ணாடத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்து, பஸ் நிறுத்தத்துக்கு எதிரே தையல் கடை வைத்திருக்கிறார். ஃபர்ஹீனை ஆறு வருடமாகத் தெரியும். உபைதுல்லா நாள் முழுக்க உட்கார்ந்து தேடினாலும் சொந்தம் வராது. மூன்று முறை சரிபார்த்தேன்.

போன் வந்தால் என்ன சொல்வது என்று இருவரும் ஒத்திகை பார்த்தார்கள். ஃபர்ஹீன் கம்பெனிக்காரியாக நடித்தாள்.

"ஃபர்ஹீன உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எங்க வூட்டுப் பொண்ணுதாங்க."

"அக்கா!"

"செரி, செரி. துணி தைக்க வருவாங்க. தெரியும்."

"ஆளு எப்படி?"

"தங்கம். அதுக்குப் புள்ள பொறந்தப்ப ஆஸ்பத்திரியில மூணு நாளு நான்தான் கூட இருந்தேன். அதுக்கு வேல குடுக்கலன்னா நீங்க நல்லாவே இருக்க மாட்டீங்க."

(ஃபர்ஹீனுக்குக் குழந்தை இருப்பது எனக்கே இப்போதுதான் தெரியும்.)

"நீங்களும் சொந்தமாயிட்டீங்கக்கா" என்றாள் ஃபர்ஹீன்.

"ஆயிட்டுப் போறேன், போ" என்றார் சௌந்தரம்.

அவள் அவர் பெயரை எழுதவில்லை. நான் சௌந்தரத்தை இரண்டு முறை மாற்றி எழுதினேன். ஒரு முறை கறார் பேர்வழியாக, ஒரு முறை அதிகம் பேசாதவராக. இரண்டு முறையும் மூன்றாவது வரியில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார்.

7.

சனிக்கிழமை ஐந்து மணிக்குள் படிவம் போய்ச் சேர வேண்டும். கைவசம் உள்ள முடிவுகள் இவை.

ஒன்று: இரண்டாவது கட்டத்தை வெற்றாக விட்டு அனுப்புகிறாள். வெற்றுக் கட்டம் உள்ள விண்ணப்பத்தை என்னைப் போன்ற ஒருவர் கடிதத்தைப் படிக்காமலே 'முழுமையற்றவை' என்ற காகிதக் கட்டுக்குள் வைப்பார். நான் வைத்திருக்கிறேன். எத்தனை நல்ல கடிதங்கள் அந்தக் கட்டுக்குள் போயின என்று எனக்குத் தெரியாது.

இரண்டு: தமிழ்மணியின் பெயரைப் போடுகிறாள். வேலை கிடைக்கிறது. இதை முழுதாக எழுதியும் பார்த்தேன். கடைசிப் பத்தியில் கம்பெனி வண்டி வந்து நிற்கிறது. அவள் ஏற மாட்டேன் என்கிறாள்.

மூன்று: என் பெயர். நான் லால்பேட்டைக்காரன் இல்லை. அவளை என்னைவிட அறிந்தவர் யாரும் இல்லை. சந்தோஷமாகப் பேனாவை எடுத்தேன். ஆனால் அவளுக்குப் பெயர் வைத்தது நான். அத்தாவைத் தேடிக்கொடுத்தது, கல்யாணம் செய்துவைத்தது நான். இவ்வளவும் செய்தவனை உறவினர் இல்லை என்று எந்தக் கம்பெனி ஒப்புக்கொள்ளும்?

நான்கு:

8.

இரண்டாவது கட்டத்தில் உங்கள் பெயரையும் எண்ணையும் எழுதிவிட்டேன். உங்களைக் கேட்காமல் எழுதியதற்கு வருந்துகிறேன்.

யோசித்துப் பார்த்தால் வேறு ஆள் இல்லை. நீங்கள் அவளுக்குச் சொந்தமில்லை. (லால்பேட்டைக்காரராக இருந்தால் தயவுசெய்து உபைதுல்லாவின் கடைப் பக்கம் போகாதீர்கள்.) பாட்டுக் கேட்பாள் என்று பொய் எழுத அவள் மறுத்ததை நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்தீர்கள். அவள் பயத்தை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் தெரியும்.

ஒரே ஒரு சந்தேகம் இருக்கிறது. படித்துக்கொண்டு வரும்போது எங்காவது ஓரிடத்தில், இந்தப் பெண்ணுக்கு இந்த வேலை கிடைத்துவிட வேண்டுமே என்று நினைத்தீர்களா? நினைத்திருந்தால் சௌந்தரத்துக்கு நேர்ந்ததுதான் உங்களுக்கும் நேர்ந்திருக்கிறது. நினைக்கவே இல்லை என்றால் அவளை நன்கு அறிந்தவர் என்று உங்களை எப்படிச் சொல்வது? இதற்கு மேல் எனக்குத் தெரியவில்லை. படிவம் நேற்றே போய்விட்டது.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு, கடலூரிலிருந்து சத்யப்பிரியா என்ற பெண் உங்களை அழைப்பார். ஆள் எடுக்கும் பொறுப்பு அவருடையது. பழனிவேல் சாரிடம் பேசிவிட்டார். "நல்ல பொண்ணு" என்பதற்கு மேல் சாருக்கு எதுவும் நினைவில்லை. ஆகவே இனி எல்லாம் உங்கள் கையில். முதல் கேள்விக்கு 'யாருமில்லை' என்று சொன்னால்தான் அவர் அடுத்த கேள்விக்குப் போவார். வேறு எதைச் சொன்னாலும் நன்றி சொல்லிப் போனை வைத்துவிடுவார்.

"வணக்கம். ஃபர்ஹீன்னு ஒருத்தவங்க உங்க நம்பர் குடுத்திருக்காங்க. நீங்க அவுங்களுக்கு என்ன வேணும்?"