சல்லடையில் நின்ற புள்ளி

வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்தது என்று கேள்விப்பட்டால் ஊரில் நாலு பேர் சந்தோஷப்படுவார்கள், மற்றவர்கள் "அப்படியா" என்று சொல்லிவிட்டுப் பல் தேய்க்கப் போவார்கள். சல்லடையாருக்கு மட்டும் வியர்த்தது.

சல்லடையார் என்பது ஆய்வுக்கூடத்தில் அவருக்கு வைத்த பெயர். வேலை அப்படி. மலை உச்சியிலுள்ள பெரிய தொலைநோக்கி இரவு முழுக்க விண்மீன் மண்டலங்களைப் படம் பிடித்துத் தள்ளும். காலையில் அடிவாரத்து அலுவலகத்தில் அவர் உட்கார்ந்து, புதுப் படத்திலிருந்து பழைய படத்தைக் கழிப்பார். இரண்டிலும் இருப்பதெல்லாம் ஒன்றையொன்று தின்றுவிட்டுக் காணாமல் போகும். ஏதாவது மிஞ்சினால் அது புதுசு. பெரும்பாலும் மிஞ்சுவது குப்பைதான். எப்போதாவது குப்பை இல்லாத ஒன்று மிஞ்சும் என்பதற்காகத்தான் சம்பளம், தலைவலி, மூக்குக்கண்ணாடி எல்லாம்.

அன்று காலை மிஞ்சியதைப் பார்த்தால் குப்பை மாதிரி இல்லை. ஒரு சுருள் மண்டலத்தின் ஓரத்தில், முந்தின இரவுப் படத்தில் வெறும் புகையாக இருந்த இடத்தில், ஒரு புள்ளி. சூரியனைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு கனத்த நட்சத்திரம் எரிபொருள் தீர்ந்து, தன் பாரத்தைத் தானே தாங்காமல் உள்ளே நொறுங்கி, வெளியே வெடித்தால் இப்படித்தான் தெரியும். அப்படித் தெரியட்டும் என்று எவனாவது ஒட்டி வைத்தாலும் இப்படித்தான் தெரியும்.

அந்த இரண்டாவது எண்ணம்தான் அவரை அறிவிப்பு அனுப்பவிடாமல் பிடித்து நிறுத்தியது.

காரணம், மச்சான். மனைவியின் தம்பி. அந்தப் பெரிய தொலைநோக்கியை இரவில் இயக்குகிறவன் அவன்தான். போன வருஷம் அவரது கல்யாண நாளன்று, அத்தானுக்குப் பரிசு என்று, ஒரு படத்தில் பக்கத்து நட்சத்திரத்தை நகலெடுத்து ஒரு மண்டலத்தின் மேல் ஒட்டி வைத்தான். மாலை கேக் வெட்டும்போது சொல்லிச் சிரிக்கலாம் என்று திட்டம். சல்லடையார் மாலைவரை காத்திருக்கவில்லை. உலகத்துக்கே அறிவிப்பு அனுப்பிவிட்டார். எங்கெங்கோ இருந்த தொலைநோக்கிகள் எல்லாம் கழுத்தைத் திருப்பிப் பார்த்து, ஒன்றுமில்லை என்று மறுபடி திரும்பிக்கொண்டன.

மச்சானைக் காட்டிக் கொடுத்தால் அவன் வேலை போகும். வேலை போனால் வீட்டில் தனக்குச் சோறு போகும். "கண்ணு பிசகிடுச்சு மேடம்" என்று இயக்குநர் அம்மாவிடம் பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அந்த அம்மா அவரை ஏற இறங்கப் பார்த்து, "இன்னொரு தடவை பிசகினா, பார்வையாளர் வாசல்ல உக்காந்து டிக்கெட் கிழிங்க" என்றார். வீட்டுக்கு வந்து மச்சானிடம் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "ஒரு நாள் உனக்கும் வெப்பேன்டா."

ஆகவே இப்போது அவர் அவசரப்படவில்லை. படத்தை இரண்டு முறை எடுத்திருந்தார்கள்; இரண்டிலும் புள்ளி இருந்தது, எனவே கேமராவில் எங்கிருந்தோ வந்து மோதிய துகள் இல்லை. நகரவில்லை, எனவே வழிப்போக்கன் சிறுகோள் இல்லை. படத்திலுள்ள எல்லா நட்சத்திரங்களோடும் ஒப்பிட்டார். எதன் நகலும் இல்லை. இவ்வளவு சுத்தமாக இருந்ததே அவருக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. மச்சான் தேறிவிட்டான் போலிருக்கிறது.

கதவு மெல்லத் திறந்தது. மச்சானின் தலை மட்டும் உள்ளே வந்தது.

"என்ன அத்தான், படமெல்லாம் பாத்தாச்சா?"

இரவு வேலை முடிந்தால் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்குகிறவன். காலை பத்து மணிக்கு இங்கே அவனுக்கு என்ன வேலை?

"பாத்துக்கிட்டு இருக்கேன்."

"ஏதாவது... இருக்கா?"

"எது இருக்கணும்?"

"இல்ல, பொதுவா கேட்டேன்."

"பொதுவா ஒண்ணும் இல்ல."

மச்சான் அவர் முகத்தையே பார்த்தான். அவர் மச்சான் முகத்தையே பார்த்தார். முதல்முறை வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி அவன் இளிக்க, கல்லுளிமங்கன் மாதிரி அவர் உட்கார்ந்திருந்தார். "சரி அத்தான், டீ வேணும்னா சொல்லுங்க" என்றான். பன்னிரண்டு வருஷ உறவில் ஒருநாள்கூட டீ வாங்கித் தராதவன்.

ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுதால் ஆடு உஷாராக வேண்டாமா? படத்தை மூடினார்.

மூடினாலும் மனசு மூடவில்லை. உண்மையாக இருந்தால்? வெடித்த முதல் சில மணி நேரத்து வெளிச்சத்தில்தான் அந்த நட்சத்திரம் சாகுமுன் எப்படி இருந்தது என்ற கதை முழுக்க இருக்கும். நேரம் போகப் போக அந்தக் கதை கலைந்துவிடும். முதலில் சொல்கிறவர் பெயர்தான் நிற்கும். முப்பது வருஷம் குப்பை சலித்தவருக்கு அந்த ஆசை இல்லையென்றால், அவர் மனிதரே இல்லை, தொலைநோக்கி. பொய்யாக இருந்தால்? டிக்கெட் கிழிக்க வேண்டும்.

மத்தியானம் மனைவியின் போன் வந்தது.

"ஏங்க, தம்பி தூங்கவே இல்ல. கூடத்துல நடந்துக்கிட்டே இருக்கான். அத்தான் ஏதாவது கண்டுபிடிச்சாரான்னு உங்ககிட்ட கேக்கச் சொன்னான். நான் கேட்டதா சொல்லக் கூடாதாம்."

"அப்படிச் சொன்னானா? நல்லா சொன்னான்!"

"உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னங்க ஓடுது?"

"ஒண்ணும் ஓடல. இந்தத் தடவை நான் ஓடப் போறதில்ல. அவ்வளவுதான்."

போனை வைத்தபோது அவருக்குச் சந்தேகமே தீர்ந்துவிட்டது. அக்காவையே தூது விட்டிருக்கிறான். ஆனால் தீர்ந்த சந்தேகத்தின் இடுக்கில் இன்னொன்று முளைத்தது: இவ்வளவு பதைபதைப்பு எதற்கு? விளையாடுகிறவனுக்குத் தூக்கம் நன்றாக வருமே.

அலுவலகத்துக் கணினிகள் எல்லாவற்றிலும் மச்சானின் கை போகும். கை போகாத இடம் ஒன்றுதான் இருந்தது. பார்வையாளர் முற்றத்தில், பள்ளிப் பிள்ளைகளுக்கு நிலாவைக் காட்ட வைத்திருக்கும் பழைய தொலைநோக்கி. அதில் கேமரா கிடையாது, கம்பி கிடையாது. வானத்திலிருந்து வந்த வெளிச்சம் ஆடியில் பட்டு நேரே கண்ணுக்குள் போகும். புள்ளி உண்மையென்றால் அந்தச் சின்னக் குழாய்க்கும் எட்டும் அளவு பிரகாசம்தான்.

இருட்டு விழுந்ததும் முற்றத்துக்குப் போனார். அந்தப் பழைய தொலைநோக்கி நிற்கும் கொட்டகையின் கூரையைத் தள்ளித் திறக்கலாம் என்று பார்த்தால், அது ஏற்கெனவே திறந்திருந்தது. உள்ளே ஒருவன் தொலைநோக்கிக்குக் கண்ணைக் கொடுத்து, குனிந்து, கண் வைக்கும் லென்ஸைத் திருகிக்கொண்டிருந்தான்.

"டேய்!"

மச்சான் துள்ளி எழுந்ததில் குழாயில் தலை இடித்தது. "ஐயோ அத்தான்! நீங்களா?"

"லென்ஸ்ல புள்ளி வரையிறியா? அந்த அளவுக்குப் போயிட்டியா?"

"நானா? நான் எதுக்கு வரையணும்? நீங்க வரைஞ்சிருக்கீங்களான்னுதான் பாக்க வந்தேன்!"

மச்சான் தலையைத் தடவிக்கொண்டே கொட்டினான். "விடியக்காலையில ஸ்கிரீன்ல பாத்தேன் அத்தான். மண்டலத்துல ஒரு புள்ளி. எனக்கு வெப்பேன்னு சொன்னீங்கல்ல? பகல்ல அந்தக் கம்ப்யூட்டர் உங்க கையிலதானே? நான் போய்ச் சொன்னதும் மேடம் முன்னாடி சிரிக்கப் போறீங்கன்னு நெனச்சேன். அதான் சொல்லல. உங்க மூஞ்சியப் பாக்க வந்தா, நீங்க கல்லு மாதிரி உக்காந்திருந்தீங்க. அப்பவே உறுதியாயிடுச்சு."

"எனக்கு நீ டீ வேணுமான்னு கேட்டதும் உறுதியாயிடுச்சுடா."

மச்சானை நகர்த்திவிட்டுக் குனிந்தார். மங்கலான புகை. அதன் ஓரத்தில் ஊசி குத்தினாற்போல் ஒரு வெளிச்சம். லென்ஸைத் திருகினார். அழுக்கோ மையோ என்றால் லென்ஸோடு சேர்ந்து சுற்றியிருக்கும். சுற்றவில்லை. குழாயை லேசாகத் தட்டினார். மற்ற நட்சத்திரங்களோடு சேர்ந்து அதுவும் ஆடி, அதன் இடத்துக்கே வந்து நின்றது. பல கோடி வருஷம் பயணம் செய்து வந்த வெளிச்சம். அதை ஒரு முழுப் பகல் வாசலிலேயே நிறுத்தி அடையாளம் கேட்டிருக்கிறார்.

"நெஜம்டா," என்றார்.

"அத்தான், ஓடுங்க. அனுப்புங்க."

அவர் ஓடுவதற்குள் சட்டைப்பையில் போன் அடித்தது. இயக்குநர் அம்மா.

"ஒரு சூப்பர்நோவா அறிவிப்பு வந்திருக்கு. நமக்குப் பகலா இருந்தப்போ வேற ஏதோ நாட்டுல ஒரு பள்ளிக்கூட வாத்தியார் வீட்டுக் கொல்லையிலேர்ந்து பாத்திருக்கார். அந்தக் கேலக்ஸியை நாம நேத்து ராத்திரி எடுத்தோமா?"

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அதுவும் கை இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டிருந்ததால்.

"எடுத்தோம் மேடம்," என்றார். "அதுல... இருக்கு."

"எங்க இருக்கீங்க? யாரும் எதையும் தொடாதீங்க. வரேன்."

போனை வைத்த பிறகுதான் உறைத்தது. அறிவிப்பு வந்த பின்னால் "எங்ககிட்ட நேத்தே இருந்துச்சு" என்று ஒரு படத்தை நீட்டினால், அதுவும் போன வருஷம் நடந்த பிறகு, எந்தப் பைத்தியம் நம்பும்? பெயர் போனது போகட்டும், நாணயமும் அல்லவா போகிறது? மச்சானுக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும்.

"நான் சொல்லிடறேன் அத்தான். போன வருஷம் ஒட்டினது நான்தான்னு."

"வாய மூடு. உங்க அக்காவுக்கு யாரு பதில் சொல்றது?"

இயக்குநர் அம்மா டார்ச்சோடு வந்தார். இருவர் முகத்திலும் மாறி மாறி வெளிச்சம் அடித்தார். "ரெண்டு பேரும் ரெண்டடி தள்ளி நில்லுங்க." தொலைநோக்கியில் கண்ணை வைத்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவரும் லென்ஸைத் திருகினார்.

"மேடம், எங்க படத்தை..." என்று சல்லடையார் ஆரம்பித்தார்.

"உங்க படம் எனக்கு வேணாம்," என்றார் அம்மா நிமிர்ந்து. "முப்பது வருஷமா பிசகாத கண்ணு, கல்யாண நாள் அன்னிக்கு மட்டும் பிசகுமா? நீங்க அப்படிச் சொன்னப்போ பின்னால நின்ன உங்க மச்சான் மூஞ்சியப் பாத்தேன். திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி இருந்துச்சு. அன்னிலேர்ந்து கேமராவுல விழுற ஒவ்வொரு படத்துலயும் உங்க ரெண்டு பேர் கைக்கும் வர்றதுக்கு முன்னாடி என் மெஷினுக்கு ஒரு நகல் வந்துடும். இப்பத்தான் திறந்து பாத்தேன். புள்ளி இருக்கு."

தன்னை இத்தனை நாள் சந்தேகப்பட்டதற்காக ஒரு மனுஷியின் காலில் விழலாம் என்று சல்லடையாருக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தோன்றியது.

"முதல்ல கண்டவர்னு வாத்தியார் பேருதான் நிக்கும். அது போச்சு. ஆனா உலகத்துலயே முதல் படம் நம்மளோடது. முந்தாநேத்து படத்துல புள்ளி இல்ல, நேத்து படத்துல இருக்கு. வெடிச்ச நேரத்த நாமதான் சொல்லப் போறோம். யார் பேர முதல்ல போடறது?"

"அவன் பேர, மேடம். அவன்தான் முதல்ல பாத்தான்."

"இல்ல மேடம், அத்தான்தான் சரிபார்த்தாரு."

டார்ச் மறுபடி இரண்டு முகங்களுக்கும் போய் வந்தது. "என்ன, திடீர்னு ரெண்டு பேருக்கும் பாசம் பொங்குது? இதுக்குள்ளயும் ஏதாவது இருக்கா?"

"இல்ல மேடம்" என்றார்கள் ஒரே குரலில். அதுவே இன்னும் மோசமாகக் கேட்டது.

"சொல்லாம வெச்சிருந்ததுக்கு, வர்ற ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் வாசல்ல டிக்கெட் கிழிங்க," என்று சொல்லிவிட்டு அம்மா போனார்.

சல்லடையார் வீட்டுக்குப் போன் போட்டு, நடந்ததைச் சொன்னார். படத்தில் தம்பியின் பெயரை முதலில் போடச் சொன்னதையும் சொன்னார்.

"ஏங்க," என்றாள் மனைவி, "அவன்கிட்ட உங்களுக்கு ஏதாவது காரியம் ஆகணுமா?"

போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டு அவர் மறுபடி தொலைநோக்கிக்குக் குனிந்தார். மச்சான் பக்கத்தில் வரிசையில் நின்றான். புள்ளி அங்கேயே இருந்தது. கை தானாக லென்ஸுக்குப் போனது. பிறகு, வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார்.