நாலாம் பதிப்பும் நஸ்லா அத்தையின் வாத்தும்

கருவண்டு பதிப்பகத்தின் செய்திமடலை மாதாமாதம் எழுதுவது லுத்ஃபியின் வேலை. எழுதினான் என்பதைவிட அளந்தான் என்று சொல்வதுதான் நியாயம். கெய்ரோவின் நடு ஊரில், செருப்புக் கடைக்கு மேலே இரண்டு அறையில் கதைப் புத்தகம் போடுகிறவர்களுக்கு மாதம் தவறாமல் செய்தி எங்கிருந்து கிடைக்கும்? போன மாதம் உண்மையில் நடந்தது இரண்டுதான். லிஃப்ட் நின்றுபோனது, பூனை அச்சுப்படிகள்மேல் குட்டி போட்டது. மடலில் முதலாவது "அலுவலகச் சீரமைப்பு" ஆயிற்று, இரண்டாவது "இளம் தலைமுறையின் வருகை" ஆயிற்று.

முதலாளி மதாம் தௌலத்துக்கு இதுவும் போதவில்லை.

"ஏன்டா இப்படி அடக்கி வாசிக்கிற? நம்ம பெருமையை நாம சொல்லாம, எதிர்க்கடைக்காரனா வந்து சொல்லுவான்?"

இன்ஷிராஹின் நாவல் வந்ததும் மதாமின் கை இன்னும் நீண்டது. முதன்முதலாக அச்சாகும்போதே அட்டையில் "நாலாம் பதிப்பு" என்று போடச் சொல்லிவிட்டார். இந்தத் தொழிலில் இது ஒன்றும் கொலைக்குற்றம் இல்லை. நாவலில் முதல் பதிப்பு என்று போட்டால், இதை இன்னும் ஒரு ஈ காக்கைகூடத் தொடவில்லை என்று நாமே தண்டோரா போட்டதாக அர்த்தம். பக்கத்துப் பதிப்பகத்தார் மூன்று என்று போட்டிருந்தார்கள், ஆகவே மதாம் நான்கு என்றார்.

இன்ஷிராஹ் தந்தா ஊரில் மருந்துக் கடை வைத்திருப்பவள். மருந்துச் சீட்டுக்கும் மருந்துச் சீட்டுக்கும் நடுவே, வருஷக்கணக்காகத் திருடிய நேரத்தில் எழுதிய நாவல் அது. மாடி நிறைய வாத்து வளர்க்கும் ஒரு வீட்டில் வாழ்க்கைப்பட்டு மூச்சுமுட்டும் பெண்ணின் கதை. ஒவ்வொரு மடலும் வந்த கையோடு அவள் லுத்ஃபிக்குப் போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்பாள்.

"உஸ்தாத், யாராவது படிச்சாங்களா?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? நாலாம் பதிப்பு பறக்குது!"

"பறக்கட்டும். படிச்சிட்டு யாராவது ஏதாவது சொன்னாங்களா? திட்டியிருந்தாலும் பரவாயில்ல."

"சொல்லிட்டே இருக்காங்க" என்று லுத்ஃபி மழுப்புவான். ஒரு பிரதிகூட விற்கவில்லை. போனை வைத்த பிறகு அவனுக்குத் தன்மேலேயே அருவருப்பாக இருக்கும். பிறகு அடுத்த மாத மடலை எழுத உட்காருவான்.

புத்தகச் சந்தையில் கையெழுத்து விழாவுக்கு நாள் குறித்தார்கள். இந்த விழாக்களுக்கு எப்போதும் அதே பத்துப் பன்னிரண்டு எழுத்தாளர்கள்தான் வருவார்கள். துக்கம் விசாரிக்கப் போகிற மாதிரிதான் அதுவும். இன்று உனக்கு நான் வந்தால், நாளை எனக்கு நீ வந்தாக வேண்டும். வருவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், பிஸ்கட்டைத் தின்பார்கள், புத்தகத்தை வாங்காமல் தடவிக்கொடுத்துவிட்டுப் போவார்கள். லுத்ஃபி அவர்களுக்குச் சொல்லிவைத்து, பிஸ்கட்டும் தயாராக வைத்திருந்தான்.

அவன் எதிர்பாராதது, தந்தாவிலிருந்து வந்து நின்ற இரண்டு மைக்ரோபஸ். மாமா, சித்தி, ஓரகத்தி, கைக்குழந்தை, தோளில் தபலா மேளம், மடியில் வறுத்த கடலையும் மிட்டாயும் என்று மொத்தக் குடும்பமும் இறங்கியது. இன்ஷிராஹ் புதுப் பேனாவோடு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், முகம் அப்படிப் பளபளத்தது. குடும்பத்துக்குத் தலைவரான ஹாஜ் பஸ்யூனி மாமா ஒரு பிரதியை எடுத்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அட்டையை நிதானமாக வாசித்தார்.

"நாலாம் பதிப்பா?"

"ஆமாம் ஹாஜ்" என்றான் லுத்ஃபி பெருமையாக.

"அப்போ முதல் மூணும் யாருக்குப் போச்சு?"

"வாசகர்களுக்குத்தான். அள்ளிட்டுப் போயிட்டாங்க!"

ஹாஜ் பிரதியை மேஜைமேல் வைத்தார். வைத்த விதமே சரியில்லை.

"ஊரான் எல்லாம் தின்னு கை கழுவின பிறகு, பெத்த குடும்பத்துக்கு நாலாம் பந்தியா?"

"மாமா, அப்படி இல்ல..." என்று இன்ஷிராஹ் எழுந்தாள்.

"பேசாதம்மா. உன் கல்யாணத்துக்கு எருமைக்கன்னு அறுத்தவன் நான். எனக்கு மிச்சம் மீதியா?"

அவருக்குப் பின்னாலிருந்து நஸ்லா அத்தை எகிறினாள். "இவளுக்கு ஜுரம் வந்தப்பல்லாம் என் மடியிலதான் கிடந்தா. எங்கயோ தூரத்துல, அஸ்வான்ல எவளோ ஒருத்தி முதல்ல வாங்கிட்டுப் போயிட்டாளாம்! டேய், வண்டியத் திருப்புங்கடா!"

தபலா மறுபடி தோளுக்கு ஏறியது. பிஸ்கட் தின்றுகொண்டிருந்த எழுத்தாளர்கள் நல்ல காட்சி வாய்த்தது என்று நகர்ந்து இடம் பிடித்தார்கள். மதாம் தௌலத் குறுக்கே பாய்ந்து, "கிடங்குல முதல் பதிப்பு ரெண்டு மூணு இருக்கும், எடுத்துட்டு வரச் சொல்றேன்" என்றார்.

"ரெண்டு மூணை வச்சு யார் வாயில வைக்கிறது? எல்லாருக்கும் வேணும்" என்றார் ஹாஜ்.

இன்ஷிராஹ் மூடி திறந்த பேனாவோடு நின்றுகொண்டிருந்தாள். அந்த நிற்பை லுத்ஃபியால் பார்க்க முடியவில்லை. நாற்காலிமேல் ஏறினான்.

"ஹாஜ்! முதல் மூணு பதிப்பும் பொய்! ஒருத்தரும் வாங்கல. ஒரு பிரதிகூடப் போகல. இதை முதல்ல தொட்டது நீங்கதான்!"

மதாம் கண்ணை மூடிக்கொண்டார். பக்கத்துக் கடைக்காரர், தன் மூன்றாம் பதிப்புகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, விழுந்து விழுந்து சிரித்தார்.

"கட்டே பிரிக்கலையா?" என்றார் ஹாஜ் சந்தேகமாக.

"எதிர்லயே பிரிக்கிறேன், பாருங்க."

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னய்யா கேடு!" அவர் முகம் மலர்ந்துவிட்டது. தபலா முழங்கியது, குலவை எழுந்தது, ஆளாளுக்கு இரண்டிரண்டாக அள்ளினார்கள். இன்ஷிராஹ் ஒவ்வொரு பிரதியிலும் "நாலாம்" என்பதை அடித்து "முதல்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.

கூட்டம் வண்டியேறப் போனதும் லுத்ஃபியிடம் வந்தாள்.

"ஆக, யாருமே படிக்கல."

"நான் படிச்சேன். நிஜமா. எனக்கு ரொம்பப் பிடிச்சது."

"சம்பளம் வாங்கிட்டுப் படிக்கிறவர் வாசகர் இல்ல, உஸ்தாத்."

கன்னத்தில் அறைந்திருந்தால் இதைவிடக் குறைவாக வலித்திருக்கும். தந்தா போன புத்தகங்களின் கதி என்ன என்பதும் அவனுக்குத் தெரியும். கல்யாணச் சீராக வந்த கண்ணாடிக் கோப்பைகளோடு அலமாரியில் ஏறி உட்காரும், அந்தக் கோப்பைகளைப் போலவே ஒருநாளும் வெளியே வராது.

அடுத்த மடலுக்கான நாள் வந்தது. "அஞ்சாம் பதிப்புன்னு போடு" என்றார் மதாம், பூனைக்குட்டியைத் தடவியபடி. விற்றுத் தீர்ந்த தெம்பில் அவருக்குப் பழைய அவமானம் மறந்துவிட்டது. லுத்ஃபி தட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது.

"வாத்தைக் கொன்னவ எங்கடா?"

"யாரு பேசறது?"

"நஸ்லா, தந்தாலேர்ந்து! கதையில மாடியில இருக்கிற அந்த வெள்ளை வாத்து என் வாத்துடா! அது எங்க வீட்டுல ராணி மாதிரி இருந்துட்டுக் கிழடாகிச் செத்துது. அதோட கழுத்த மாமியார்காரி திருகினான்னு எழுதியிருக்கா, பாவி! அழுது அழுது அடுப்புல முலூகியாக் கீரை கருகினதுகூடத் தெரியல எனக்கு. அப்புறம் கதைக் கடைசியில அந்தப் பொண்ணு வாசல்ல நிக்கிறாளே, போனாளா, போகலையா? அதைச் சொல்லாம முடிச்சா என்ன அர்த்தம்? இன்ஷிராஹ் என் போன எடுக்க மாட்டேங்கறா, அதான் உனக்குப் பண்றேன்!"

லுத்ஃபி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்தான். "அத்தை, திட்டறத நிறுத்தாதீங்க, ஒரு நிமிஷம்" என்று சொல்லி, மதாமின் போனைப் பிடுங்கி மருந்துக் கடைக்கு அடித்தான். இன்ஷிராஹ் எடுத்ததும் இரண்டு போன்களையும் ஸ்பீக்கரில் போட்டு வாயோடு வாய் சேர்த்து வைத்தான். அத்தை வாத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தாள்.

"அத்தை..." இன்ஷிராஹ் குறுக்கிட்டாள். "கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

"படிக்காம? என் வாத்துக்காக அந்தப் பொண்ணு யாரையாவது பழிவாங்கறாளான்னு பார்க்க வேணாமா?"

அந்தப் பக்கம் விசும்பல் கேட்டது. லுத்ஃபி திரையில் இருந்த "அஞ்சாம் பதிப்பு" என்பதை அழித்தான், மதாம் முறைத்ததைக் கண்டுகொள்ளவில்லை. மருந்துக் கடையில் யாரோ இருமல் மருந்து கேட்கும் சத்தம் வந்தது.

"கொஞ்சம் நில்லுங்க" என்றாள் இன்ஷிராஹ். "என் வாசகி என்னைத் திட்டிட்டு இருக்காங்க."