டாக்டரம்மா வர்ணித்த ஆட்டம்

அந்த மயக்க டாக்டரம்மாவின் குரலைக் கேட்டவர் யாரும் மூன்று வாக்கியத்துக்கு மேல் விழித்திருந்ததில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரும் மற்றவர்களைப் போல ஊசியும் மூச்சுக்கருவியுமாகத்தான் நோயாளிகளை மயக்கினார். பத்தாவது வருஷம் குடல்வால் அறுவைக்கு வந்த ஒரு லாரி டிரைவரிடம், "பயப்படாதீங்க, பத்துலேருந்து கீழ எண்ணிக்கிட்டே வாங்க" என்றார். ஊசி இன்னும் தட்டிலேயே கிடக்க, டிரைவர் ஏழு என்று சொல்லி முடிக்குமுன் குறட்டை விட்டார். அன்றிலிருந்து அறுவை அரங்கில் எல்லோரும் காதில் பஞ்சு அடைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். மருத்துவமனைக்குப் பெரிய சௌகரியம். தலைமை டாக்டர் வெளியூர் கூட்டங்களில் இதைப் பெருமையாகச் சொல்வார்.

வீட்டில்தான் சங்கடம். பூகோள வாத்தியாரான கணவர், அவர் பேச வாய் திறந்தால் சோற்றில் கை வைத்தபடியே சாய்ந்துவிடுவார். மகள் பரீட்சைக்குப் படிக்கும்போது அம்மா வாயைத் திறக்கக்கூடாது என்று எழுதாத சட்டம் இருந்தது. கடைசியில் துண்டுச் சீட்டில் எழுதித்தான் குடித்தனம் நடந்தது. பதின்மூன்று வருஷமாகத் தான் சொல்லவந்ததை ஒரு ஆளாவது முழுசாகக் கேட்டதில்லை என்பது டாக்டரம்மாவின் மனதில் முள்ளாகக் கிடந்தது. இதற்கு நடுவில் அவருக்கு ஒரு திருட்டுச் சந்தோஷம் இருந்தது. அறுவைக்கும் அறுவைக்கும் இடையில், உடை மாற்றும் அறையில், ரேடியோவில் கால்பந்து வர்ணனை கேட்பார். உதடு அசையாமல் உள்ளுக்குள் அவரும் வர்ணிப்பார். வர்ணனைக்காரரைவிட ஒரு நொடி முந்திக்கொண்டு, பந்து யார் காலுக்குப் போகும் என்றுகூடச் சொல்லிவிடுவார்.

உள்ளூர் வானொலியின் வர்ணனைக்காரர் ஓய்வு பெற்றார், புது ஆள் தேவை என்று அறிவிப்பு வந்த அன்று டாக்டரம்மாவின் இருதயம் நிமிஷத்துக்கு நூற்றிருபது அடித்தது. தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்து, இது வியாதி இல்லை என்று முடிவுகட்டி, இருபத்து மூன்று வருஷ வேலைக்கு நாலு வரியில் ராஜினாமா எழுதினார். தலைமை டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வர்ணனையா? நீங்களா? உங்க குரலைக் கேட்டா பந்தே படுத்துக்கும்மா!"

கணவர் சிரிக்கவில்லை. "ஐம்பது வயசுல எதுக்கும்மா இந்த விஷப்பரீட்சை? ஊரே சிரிக்கும்" என்றார். டாக்டரம்மா சீட்டில் எழுதி நீட்டினார்: 'சிரிக்கிறதுக்கு அவங்க முழிச்சிருக்கணுமே!' படித்த மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். "நீ போம்மா. உன்னால முடியலன்னா அப்புறம் பாத்துக்கலாம்."

குரல் சோதனையில் வானொலி நிலைய மேலாளர் முதல் வாக்கியத்திலேயே மேஜைமேல் கவிழ்ந்தார். மறுநாள் காதை இறுக்க அடைத்துக்கொண்டு, ஒலியளவு காட்டும் கருவியின் முள் துள்ளுவதை மட்டும் பார்த்தார். அப்படி ஒரு துள்ளலை அவர் பார்த்ததே இல்லையாம். யாரும் கண்டுகொள்ளாத ஒரு ஆட்டத்தை, பட்டியலில் கடைசி இடத்துக்கு அடித்துக்கொண்ட தண்ணீர் வாரிய அணிக்கும் பேக்கரித் தொழிலாளர் அணிக்குமான போட்டியை, டாக்டரம்மாவுக்குக் கொடுத்தார். வண்டி ஓட்டுபவர்களும் அடுப்பில் எதையாவது ஏற்றி வைத்திருப்பவர்களும் கேட்க வேண்டாம் என்று காலையிலிருந்தே எச்சரிக்கை ஒலிபரப்பானது.

மைதான ஒலிபெருக்கியில் டாக்டரம்மா வணக்கம் சொன்னபோது வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இரண்டாவது வாக்கியத்தில் கிழக்கு வரிசைகள் சாய்ந்தன. மூன்றாவதில் மேற்கும் சாய்ந்தது. லைன்ஸ்மேன் கொடியைக் கையில் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்கினார். நடுவர் விசிலை வாயில் வைத்தபடி புல்லில் ஒருக்களித்தார். விளையாடிக்கொண்டிருந்தவர்கள் இருந்த இடத்திலேயே படுத்தார்கள். டாக்டரம்மா ஒலிவாங்கியை வைத்துவிட்டு எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தார். அப்போதுதான் மைதானத்தில் ஒருவர் மட்டும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். பேக்கரி அணியின் இடது ஓர ஆட்டக்காரர் அவர். பிறவியிலேயே காது கேட்காது. பந்தை மட்டுமே பார்த்து ஓடுகிறவர் என்பதால் மற்றவர்கள் படுத்ததை அவர் கவனிக்கவில்லை.

டாக்டரம்மா பேச ஆரம்பித்தார். மெதுவாகத்தான் தொடங்கினார். இதோ ஒருத்தரைத் தாண்டுறார், இதோ இன்னொருத்தரை, எகிறிக் குதிக்கிறார், பந்து காலோட ஒட்டிக்கிட்டே வருது என்று சொல்லச் சொல்ல, எந்த அறுவை அரங்கிலும் ஏறாத உயரத்துக்கு அவர் குரல் ஏறியது. ஓர ஆட்டக்காரர் உதைத்தார். பந்து கம்பத்தில் மோதித் திரும்பியது. "ஐயோ!" என்று டாக்டரம்மா நாற்காலிமேல் ஏறிவிட்டார். ஆட்டக்காரர் மறுபடி உதைத்தார். வாழ்க்கையில் ஒருநாளும் உரக்கப் பேசியறியாத பெண்மணி, "கோ...ல்!" என்று கத்தினார். அந்தக் கத்தல் முப்பத்தெட்டு விநாடி நீடித்ததாக நிலையக் குறிப்பில் இருக்கிறது.

டாக்டரம்மாவின் வர்ணனையை வேடிக்கை பார்க்கவென்றே வந்திருந்த நாலாயிரம் பேரும் ஒரே சமயத்தில் துள்ளி எழுந்து கைதட்டினார்கள். அத்தனை பேரும் அந்த கோலைப் பார்த்திருந்தார்கள். தூக்கத்துக்குள் டாக்டரம்மாவின் குரல் ஒவ்வொரு அடியாகக் காட்டிக்கொண்டே வந்திருந்தது. நடுவர் தான் கண்டதும் அதுவே என்று விசில் ஊதினார். தண்ணீர் வாரிய கோல்கீப்பர்கூட எதிர்ப்புச் சொல்லவில்லை. "நானும் பாத்தேங்க. நல்ல கோல்தான், என்னால புடிச்சிருக்க முடியாது" என்றார். மருத்துவமனை நாலாம் மாடியில் பதினோரு வருஷமாக நினைவில்லாமல் கிடந்த ஒரு பெரியவர் எழுந்து உட்கார்ந்து, "யாரு போட்டது?" என்று நர்சிடம் கேட்டார். சொன்னதும், அந்த அணியா என்று முகம் சுளித்துவிட்டு, குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

வீட்டுக்கு வந்த டாக்டரம்மா, பழக்கதோஷத்தில் சீட்டை எடுத்தார். கணவர் அதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு, "வாயால சொல்லு" என்றார். சொன்னார். முதல் நிமிஷத்திலிருந்து கடைசி விசில்வரை, கம்பத்தில் பந்து மோதியதை இரண்டு தடவை. கணவருக்கு ஒரு கொட்டாவிகூட வரவில்லை. "உன் குரல் இப்படி இருக்கும்னு மறந்தே போச்சு" என்று மட்டும் சொன்னார். பிறகு, அந்த இரண்டாவது உதை எந்தக் காலால் என்று கேட்டார்.

அதன்பிறகு டாக்டரம்மா ஒன்பது பருவங்கள் வர்ணித்துவிட்டார், இன்னும் வர்ணிக்கிறார். அவர் குரலில் இருந்த தூக்கம் எங்கே போனது என்று யாரும் மெனக்கெட்டு விசாரிக்கவில்லை. மருத்துவமனையில் புதிதாக வந்தவர் ஊசி போட்டுத்தான் மயக்குகிறார். ஆட்ட நேரத்தில் அந்த ஊசியும் பிடிப்பதில்லை என்பதால், அட்டவணையைப் பார்த்து அறுவைக்கு நேரம் குறிக்கிறார்கள். போட்டி நாளன்று ஊரில் யாராவது கொட்டாவி விட்டால் வெளியூர்க்காரர் என்று தெரிந்துகொண்டு, ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்கிறார்கள்.