மத்தியானம் வரை ஓடிய குழாய்

1

இந்தக் கதை பேருந்தில் என் முழங்காலில் இடித்தது. பக்கத்து இருக்கைப் பெண்மணி மடியில் முழ நீளப் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை நிமிர்த்திப் பிடித்திருந்தார். உள்ளே மண், மேலே ஒரு பிடி புல்.

"இடிச்சிடுச்சா? கொஞ்சம் பொறுத்துக்கங்க. சாய்ச்சா மண்ணு கலைஞ்சிடும்."

புல்தரையில் அடிக்கும் களைக்கொல்லி, தண்ணீர் விடும் விதத்தைப் பொறுத்து மண்ணில் எவ்வளவு ஆழம் இறங்குகிறது என்று பார்ப்பது அவர் வேலையாம். அதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது. மீதியெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் எழுதியது: "மண்ணுக்கும் மனசுக்கும் ஒரு..."

அடித்துவிட்டேன். உங்களுக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம்.

மறுபடியும். அவளுக்கு ஒரு கணவர், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். (கதைக்குள் வந்ததும் அவர் "அவள்" ஆகிவிட்டார். மரியாதைக் குறைவல்ல, நெருக்கம்.) வீட்டு முன்னால் புல்தரை, ஓரத்தில் கொய்யா மரம். வேலிக்கு அந்தப் பக்கம் தையல்காரர் வீடு. ஓட்டுநரும் தையல்காரரும் முப்பது வருஷமாக நகமும் சதையும்.

ஒரு ஞாயிறு காலை அவள் புல்லுக்குக் களைக்கொல்லி அடித்தாள். "என்னங்க, தண்ணி விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். மனுஷன் குறை வைக்கவில்லை. மத்தியானச் சாப்பாடு வரை குழாயை நிறுத்தவே இல்லை.

(ஒரு குறிப்பு. அந்த மருந்துக்கு அளவாகத் தண்ணீர் விட்டால், களைவிதை கிடக்கும் மேல்மண்ணிலேயே தங்கும். மொத்தமாகக் கொட்டினால், அதுவும் மணல் கலந்த மண்ணில், கீழே இறங்கி மரத்தின் வேர் வரை போய்விடும். இதெல்லாம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆய்வகத்தில் மில்லி மில்லியாக அளந்து ஊற்றுகிறவள், வீட்டில் எவ்வளவு என்று சொல்லவில்லை.)

3

மூன்றாம் வாரம் கொய்யா இலைகள் சுருண்டு உதிர்ந்தன. ஓட்டுநர் நேரே வேலியருகே போனார்.

"உன் வீட்டு சோப்புத் தண்ணிதான்டா இந்த வேலையைப் பண்ணிருக்கு."

"நான் அந்தப் பக்கம் தண்ணியே விடறதில்லயே."

"பொய் சொல்லாத."

(ஓட்டுநரைச் சாந்தமானவராகவும் எழுதிப் பார்த்தேன். சண்டை வரவில்லை, கதையும் வரவில்லை.)

தையல்காரர் உள்ளே போய்விட்டார். அன்றோடு போக்குவரத்து நின்றது.

4

ஆய்வகத்தில் அவள் மண் நிரப்பிய குழாய் ஒன்றைத் துண்டு துண்டாக அறுத்துச் சோதித்தாள். ஒரேயடியாகத் தண்ணீர் ஊற்றிய குழாய் அது. அடித்துண்டு வரை மருந்து இருந்தது. அப்போதுதான் அந்த ஞாயிறு ஞாபகம் வந்தது.

முடிவு ஒன்று: அவள் சொல்லவில்லை. மரம் துளிர்க்கிறது, தையல்காரர் பொய்யராகவே... கிழித்துப் போட்டேன்.

முடிவு இரண்டு: தையல்காரரே சமாதானமாக வருகிறார். அவர் ஏன் வர வேண்டும்?

மூன்று:

"என்னங்க, மரம் பட்டுப்போனது நம்மாலதான்."

"நம்மாலயா?"

"மருந்து அடிச்சது நான். எவ்வளவு தண்ணினு சொல்லாம போயிட்டேன். நீங்க ஆசையா நிறைய விட்டீங்க. அது வேருக்கு இறங்கிடுச்சு."

கத்துவார் என்று நினைத்தாள். அவர் நாற்காலியில் உட்கார்ந்து தரையையே பார்த்தார்.

"மரம் கிடக்கட்டும்மா. அவன் மூஞ்சிக்கு நேரா பொய் சொல்றேனு சொன்னேனே."

எழுந்து சட்டையை மாட்டினார். "நானும் வரேன்" என்றாள்.

"தப்புல பாதி உன்னோடது. சொன்ன வார்த்தை முழுசும் என்னோடது. நீ இரு."

எனக்கு அவர்மேல் பிரியம் வந்தது இந்த இடத்தில்தான்.

5

தையல்காரர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார். உள்ளே தையல் மெஷின் சத்தம் நின்றது. நாற்காலி நகர்கிறது.

இதற்குமேல் எனக்கு எழுத வராது. ஓட்டுநர் மன்னிப்புக் கேட்பார், அது தெரியும். ஆனால் தையல்காரர் என்ன செய்வார் என்று சொல்ல, செய்யாத தப்புக்கு நெருங்கியவரிடம் பொய்யன் என்று பெயர் வாங்கியிருக்க வேண்டும். நான் வாங்கியதில்லை. ஒருவருக்குக் கொடுத்திருக்கிறேன், இன்னும் போய்த் தட்டவில்லை.

நீங்கள் வாங்கியிருந்தால், கதவுக்கு உட்பக்கம் நிற்பது நீங்கள்தான். ஓட்டுநர் வெளியே நிற்கிறார்.